அடுத்த கை படும்வரை

ஆர்தர் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் ஸ்ட்ராட்போர்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், லிப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் கையெல்லாம் கிரீஸோடு நின்றேன். லிப்டை நான் நிறுத்தி வைத்திருந்ததால் காவலாளி படியேறி மூச்சு வாங்க வந்து, யாரோ மகேசனாம், போனில் நிற்கிறார் என்று முறைத்தார். இறங்கிப் போனேன். கிரீன் ஸ்ட்ரீட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மகேசண்ணைக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "தம்பி, ஆர்தர் மோசம் போயிட்டார். காலமை தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில இருந்தவராம். அவ்வளவுதான்." நான் "சரி" என்றேன். திரும்ப ஏறிப்போய் வேலையை முடித்தேன். திறந்து கிடக்கும் லிப்டை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. ஆர்தரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

எங்கள் பிளேஸ்டோப் பகுதிக்காரருக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர், பழைய துறைமுகத் தொழிலாளி, என் பக்கத்து வீட்டுக்காரர். முப்பதுகளில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, யாரும் அனுப்பாமல் தானாகவே போய்க் குடியரசின் பக்கம் நின்று சண்டை பிடித்தவர். எங்கள் பெடியள் 'அங்கிள்' என்று கூப்பிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை, என்னைக் கிழவனாக்காதே என்றார். மகேசண்ணைதான் 'அண்ணை' என்ற சொல்லைக் கொடுத்தார். ஆர்தர் அதைப் பதவி உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில் நான் இங்கே வந்தேன். முதன்முதலாக அவர் வீட்டுக்குள் போனபோது சுவரில் ஒரு படம்: மெலிந்த இளைஞர்கள், ஓர் இயந்திரத் துப்பாக்கி. கதையைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நீங்கள் தோற்றுப் போனீர்கள்தானே?" என்றேன். "படுதோல்வி. தேநீருக்குச் சீனி போடவா?" என்றார். போர் நடந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து வந்தவன் நான். நீ எந்தப் பக்கம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். அம்மா என்றேன். அதற்குப் பிறகு வேலி தாண்டி என்னைக் கண்டால் முதல் விசாரிப்பு அம்மாவைப் பற்றித்தான். வானிலையைப் பற்றிப் பேசாத ஒரே வெள்ளைக்காரர்.

ஆண்டுதோறும் ஜூலையில், ஸ்பெயினுக்குப் போய் உயிரோடு திரும்பியவர்கள் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள நினைவுச் சின்னத்தின் முன் கூடுவார்கள். ஆர்தருடைய பிரிவுக்கென்று ஒரு பெரிய பட்டுக்கொடி உண்டு, இரண்டு தண்டுகளுக்கு நடுவே விரித்துப் பிடிப்பது. பாலத்தடியிலிருந்து சின்னம்வரை அதை நிலத்தில் படாமல் கொண்டுபோக வேண்டும். தூக்குகிறவர்கள் அங்கே போனவர்களாகவே இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பிரிவில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: ஆர்தரும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெர்ட்டும். பெர்ட்டின் முழங்கால் ஒரு படிக்கே உதவாது, ஆனாலும் மற்றத் தண்டு அவரிடம்தான்.

ஒரு வருடம் காற்று பிடித்து இழுத்ததில் கொடியின் ஓரம் ஈரத் தரையில் பட்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஆர்தர் பட்டைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு, இனி இதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. காற்றின் விசையைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். தண்டை அலுமினியத்தில் செய்யலாம், துணியில் காற்றுப் போக நாலு துளை போடலாம் என்றேன். "துளை போடத்தான் எத்தனையோ பேர் முயன்றார்கள், தம்பி" என்றார். தம்பி என்பதைத் தமிழில்தான் சொன்னார். இளையவர்கள் தூக்கட்டுமே என்றேன். "யார் தூக்குகிறார்கள் என்பதுதான் அந்தக் கொடி" என்று கதவைச் சாத்தினார். சரியான பிடிவாதம்.

அடுத்த கோடையில் ஆர்ச்வேயில் உள்ள எங்கள் கோயில் திருவிழாவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். கடவுளோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை, சாப்பாட்டோடு உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில் தகராறு. எந்தச் சாமிக்காகவும் சப்பாத்தைக் கழற்ற மாட்டாராம். மகேசண்ணை என்னிடம் திரும்பினார். "சாமிக்கில்லை, இப்பதான் தரை கழுவினது, ஊத்தையாகும் எண்டு சொல்லு." சொன்னேன். உடனே குனிந்து கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் தெரிந்தது.

உள்ளே நாங்கள் சாமி தூக்கினோம். சாமியைச் சுமக்கும் நீளத் தண்டின் கீழே வரிசையாகத் தோள் கொடுத்துப் போவோம். ஒருவன் களைத்தால் நிற்பதில்லை, இறக்கி வைப்பதுமில்லை. அடுத்தவன் அவன் பின்னால் வந்து தோளைக் கொடுத்து, பாரம் தன்மேல் இறங்கியதும் "விடு" என்பான். முன்னவன் நழுவி வெளியே வருவான். ஆர்தர் சாமியைப் பார்க்கவே இல்லை, எங்கள் தோள்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிட உட்கார்ந்தபோது, வடையைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அந்த இயந்திரத் துப்பாக்கியில் நாங்களும் இப்படித்தான் ஆள் மாற்றினோம். அடுத்தவன் கை அதில் படும்வரை உன் கையை எடுக்கக் கூடாது."

"பிறகென்ன?" என்றேன். "மாற்ற ஆள் இருக்கிறது."

வடையைத் தின்று முடித்தார். பிறகுதான், ஜூலையில் உனக்கு ஷிப்ட் இருக்கிறதா என்று கேட்டார்.

அந்த ஜூலையில் மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. மகேசண்ணை கோயில் பெடியளைக் கூட்டி வந்திருந்தார். பெர்ட் சக்கர நாற்காலியில். கொடியை விரித்தார்கள். பெடியள் தண்டில் கை வைப்பதற்கு முன், ஒருவரும் சொல்லாமலே, வரிசையாகச் சப்பாத்துகளைக் கழற்றி ஆற்றங்கரைச் சுவரோரம் வைத்துவிட்டார்கள். பழக்கதோஷம். நானும்தான். கூடி நின்ற முதியவர்கள் எங்கள் கால்களைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடேறியது. ஆர்தர் ஏன் என்று கேட்டார். மகேசண்ணை மழையில் நனைந்த நடைபாதையைக் காட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இப்போதுதான் கழுவியது என்றார்.

ஆர்தர் சிரித்த சிரிப்பில் தண்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. சிரித்து முடித்துத் தன் சப்பாத்தைப் பார்த்தார். குனிய முடியவில்லை. நான் முடிச்சை அவிழ்த்தேன்.

வலப்பக்கத் தண்டில் அவர் கை மேலே, என் கை கீழே. மற்றத் தண்டில் பெடியள் களைக்கக் களைக்க மாறி மாறிப் பிடித்தார்கள், கொடி ஓரிடத்திலும் தாழவில்லை. ஆர்தர் மட்டும் கையை எடுக்கவே இல்லை. சின்னத்துக்கு முன் வந்ததும் என் பிடியைக் குனிந்து பார்த்தார்.

"பிடித்திருக்கிறாயா?"

"ஓம் அண்ணை."

கையை எடுத்தார். பெர்ட்டிடம் போய்ச் சிகரெட் கேட்டார்.

செத்த வீட்டில் பெர்ட் என்னைக் கூப்பிட்டு, அருங்காட்சியகம் காத்திருக்கட்டும் என்றார். கொடி இப்போது என் வீட்டு அலுமாரிக்கு மேலே சுருட்டிக் கிடக்கிறது. அலுமினியத் தண்டு யோசனையை நான் கைவிட்டுவிட்டேன். அது பாரமாக இருப்பதுதான் சரி.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வலப்பக்கத் தண்டு. வரும் ஜூலையில் பெர்ட்டின் நாற்காலிக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வருகிறவர்கள் வாருங்கள். சப்பாத்தைச் சுவரோரம் விட்டுவிட்டு வாருங்கள், தரை கழுவியிருக்கிறது.