பீன்ஸ் நறுக்கியபடி கேட்ட கதை

மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, சின்னக் கத்தியால் பீன்ஸ் நறுக்கும் கைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ரயிலில் பழக்கமான அக்காவின் கைகள். அவர் எழும்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. நான் பக்கத்துத் தெரு ஆபீஸில் கிளார்க். மாலை ரயிலில், லேடீஸ் பெட்டியில், பதினோரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். நான் தாம்பரத்தில் இறங்கிவிடுவேன், அவர் ஊரப்பாக்கம் போவார். சமையலுக்கான காய் ரயிலிலேயே தயாராகிவிடும். அவர் நறுக்க நறுக்க, நான் எழுதிக்கொண்டிருந்த நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவேன்.

அதில் ஒருத்தி, ஒரு மத்தியானம் அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, புருஷனிடம்கூடச் சொல்லாமல் கிளம்பிப் போகிறாள். அந்த இடத்தைச் சொன்ன அன்று அக்கா, நறுக்கிய பீன்ஸை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, காம்பையும் நாரையும் பத்திரமாக டப்பாவில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஒரே திட்டு. "உன் கதையால நேத்து எங்க வூட்ல வெறும் ரசம்தான். பேஜாராப் பூடுச்சு. சரி, அவ எங்க போனா? திரும்பி வந்தாளா இல்லியா?" எனக்கே தெரியாது. முடித்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்லுவேன் அக்கா என்றேன். அன்றைக்கு இருந்த கர்வத்தில் தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் வரை நடந்தே போனேன்.

அப்புறம் வேலையை விட்டேன். எழுதுவதற்காகத்தான் விட்டேன், கூத்தைப் பாருங்கள்! ஆறு முறை திருத்தியாகிவிட்டது. ஒரு திருத்தத்தில் அவள் அழுதுகொண்டு திரும்புகிறாள், இன்னொன்றில் ஏரியில் விழுகிறாள், மற்றொன்றில் புருஷன் திருந்திவிடுகிறான், கண்றாவி. "எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம், கடைசி அத்தியாயத்துலதான் உயிரே இல்ல" என்றார் பதிப்பாளர். போனை வைத்ததும் அவரை வாய்விட்டுத் திட்டினேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. வீட்டில் நானும் ஃபேனும்தான். ஒரு வரியைப் படித்துக் காட்டக்கூட ஆள் இல்லை. முடிக்காமல் எந்த முகத்தோடு போவது என்று அக்காவைப் பார்க்கப் போவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். என் மடத்தனம். போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் பழைய ரயில் சிநேகிதி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "உனக்குத் தெரியாதா? அக்கா போய் ஒரு வருஷம் ஆச்சே!"

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கும் அக்காவின் மகளைத் தேடிப் போனேன். துக்கம் விசாரிக்க ஒரு வருஷம் கழித்துப் போகிறவளுக்கு என்ன பேச வரும்? அவள்தான் பேசினாள். "கதை சொல்ற ஆன்ட்டி நீங்கதானா? அம்மா ஒண்ணு விடாம எங்களுக்குச் சொல்லும். முடிவு சூப்பர் ஆன்ட்டி."

நான்தான் இன்னும் முடிக்கவே இல்லையே! எந்த முடிவு என்று கேட்டேன்.

"அதான், ரொம்ப நாள் கழிச்சு வந்து அவ கதவத் தட்டுவாளே. வேற யாரோ குடி வந்திருப்பாங்க. தண்ணி மட்டும் கேட்டு வாங்கிக் குடிச்சிட்டு, இது நான் இருந்த வூடுன்னு சொல்லாமலே போய்டுவா. இத சொல்லச் சொல்ல அம்மா அழுதுடும்."

முதலில் வந்தது பொறாமை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் அழுகை வந்தது. காத்திருந்து காத்திருந்து, நான் சொல்லாத முடிவை அக்காவே கட்டிக்கொண்டு, என் பெயரில் சொல்லியிருக்கிறார். மகளிடம் நான் எதையும் திருத்தவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, பைக்குள் இருந்த கடைசி அத்தியாயத்தின் பின்பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். எத்தனையோ வருஷமாக வராத வேகம். மூன்று ரயில்கள் வந்து போயின. அவள் டம்ளரை வாங்கிக் குடிக்கிற இடத்தில் கை நின்றுவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்களா, வாசலிலேயே நிற்க வைத்துக் கொடுத்தார்களா? அக்காவைத்தான் கேட்க வேண்டும்.