பனியைத் தொட்டுப் பார்க்க முசஃபாவிலிருந்து துபாய்க்கு

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா வீட்டுக்காரர் சேவியர் அத்தானோடு முசஃபாவிலிருந்து துபாய்க்குப் போனேன். ஊர் சுற்றுவதற்காக இல்லை. பனி வண்டி ஒன்றுக்கு எந்த டிராக் வாங்குவது என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அத்தானுக்கு ஊர் முட்டம். படகு இஞ்சின்களில் தொழில் பழகியவர். இப்போது முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஜெட் ஸ்கியும் பாலைவன பைக்கும் சரி செய்கிறார். அங்கே வாடிக்கையாளரான ஒரு அரபி, ஸ்னோமொபைல் ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தார். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், சக்கரத்துக்குப் பதிலாகப் பின்னால் சுழலும் அகலமான ரப்பர் பட்டை. அதைத்தான் டிராக் என்கிறார்கள். பட்டை முழுக்க வரிசையாகப் பற்கள். பழையது வெடித்துப் பிளந்திருந்தது. பிப்ரவரியில் தன் இரண்டு மகன்களோடு ஜார்ஜியா மலைப் பாதைகளில் ஓட்ட, வண்டியைக் கப்பலில் அனுப்பப் போகிறார் அவர்.

டிராக்கின் நீளமும் அகலமும் பல்வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் பழையதைப் போலவே இருந்தாக வேண்டும். நம் விருப்பத்துக்கு விட்டிருப்பது பல்லின் உயரம் மட்டும். ஒன்றேகால் அங்குலமா, இரண்டேகால் அங்குலமா? மணலில் பெரிய பல்தான் ஏறும், பனியும் அப்படித்தான், அதையே ஆர்டர் போடு என்றாராம் அங்கே ஃபோர்மேன்.

“அவரு சொல்லுகது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல மக்கா. பனி எப்படி இருக்கும்னே தெரியாதுல்லா? ஃப்ரீசர்ல கெடக்க ஐஸத்தான் பாத்திருக்கேன். மலையில அந்தப் பிள்ளைக மாட்டிக்கிட்டா யாரு பதில் சொல்லுவா?”

“அப்போ போய்ப் பாத்துருவோம் அத்தான், துபாய்ல ஒரு மாலுக்குள்ள பனி செஞ்சு கொட்டி வச்சிருக்காங்க,” என்றேன். நான் துபாய் சத்வாவில் தங்கியிருக்கும் நர்ஸ். அன்று எனக்கு ஆஃப். முந்தின நாளே அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். அக்காவுக்கு டூட்டி இருந்ததால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம்.

காலை 8.15-க்கு முசஃபா ஷாபியாவில் பஸ் ஏறினோம். ஆளுக்கு 25 திர்ஹம். சுமார் 130 கிலோமீட்டர். பத்து மணிக்கு துபாய் ஜாஃபிலியாவில் இறங்கி, அங்கிருந்து மெட்ரோவில் 5 திர்ஹம் கொடுத்து மாலுக்குப் போனோம். அத்தான் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தார். சாப்பாடு என்று நினைத்தேன். திறந்து பார்த்தால் இரண்டு ரப்பர் துண்டுகள், ஒன்று குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும். பழைய டயரிலிருந்து அந்த இரண்டு அளவுக்கும் வெட்டி எடுத்திருக்கிறார்!

மாலுக்குள் இருக்கும் பனிக்கூடத்துக்கு அன்று டிக்கெட் ஆளுக்கு 230 திர்ஹம். கோட்டும் பூட்ஸும் அவர்களே தருவார்கள். உள்ளே போனதும் எல்லோரும் செல்ஃபி எடுக்க ஓடினார்கள். அத்தான் மட்டும் ஓரமாக முழங்கால் போட்டு உட்கார்ந்தார். குவிந்து கிடந்த தூள் பனியில் நெட்டை ரப்பரைச் செருகி இழுத்தார். வாரி எடுத்து வந்தது. ஆட்கள் நடந்து இறுகிய இடத்தில் அதையே இழுத்தார். பல் இறங்கவில்லை, வளைந்து வழுக்கிக்கொண்டு போனது. குட்டை ரப்பர் வளையாமல் நின்று பிடித்தது. திரும்பத் திரும்ப அதையே செய்தார். கை சிவந்துவிட்டது. க்ளவுஸைக் கழற்றிவிட்டார் மனிதர், தொட்டால்தான் தெரியுமாம்.

நீலச் சீருடைக்காரர் ஒருவர் வேகமாக வந்தார். “பாய், க்யா கர் ரஹே ஹோ?” என்ன பண்ணுகிறாய் என்று இந்தியில் கேட்டார். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அத்தான் தனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. அவர் நேபாளி. அங்கே பனியை அழுத்திச் சமன் செய்யும் மெஷினை ஓட்டுகிறவர். மலைப் பாதைகளையும் இப்படித்தான் மெஷின் வைத்து இறுக்குவார்கள், அதற்குக் குட்டைப் பல் போதும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: அந்த வண்டி குளிர்வதே டிராக் வாரியிறைக்கும் பனித்தூளால்தான். இறுகிய பாதையில் தூள் பறக்காது, இஞ்சின் சூடேறிவிடும். அதனால் பனியைக் கீறிவிடும் கம்பிகளை மறக்காமல் மாட்டச் சொன்னார்.

“இதக் கேக்கத்தான் வந்திருக்கோம் போலிருக்கு, கேட்டியா,” என்றார் அத்தான். கண் நிறைய சந்தோஷம்.

மறுநாள் வண்டிக்குச் சொந்தக்காரரான அந்த அரபி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஃபோர்மேன் பெரிய பல்லையே பேசிக்கொண்டிருக்க, அத்தான் குறுக்கே போய்ச் சின்னப் பல்லும் கீறும் கம்பியும் போதும் என்றிருக்கிறார்.

“நீ பனி பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டாராம் அரபி.

“நேத்து பாத்தேன், அர்பாப்.”

ஒர்க்‌ஷாப்பே சிரித்ததாம். அத்தான் சிரிக்கவில்லை. ரப்பர் துண்டுகளைக் காட்டி நடந்ததைச் சொன்னார். பாதையை விட்டு ஆழப் பனியில் இறங்கினால் இந்த டிராக் ஏறாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அரபி கொஞ்ச நேரம் அந்தத் துண்டுகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கலாஸ், பேச்சு முடிந்தது. சின்னதையே போடு. ஆனால் மாட்டுகிறவன் எங்களோடு வரணும்.”

அப்படித்தான் முட்டத்துக்காரர் ஜார்ஜியா போனார். அங்கே ஓட்டிய ஆறு நாளும் வண்டி சூடேறவே இல்லை. மூன்றாம் நாள் மட்டும் இளைய மகன் பாதையை விட்டு இறங்கி, இடுப்பளவு பனியில் வண்டியைப் புதைத்துவிட்டான். தோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனதாம். யாரும் அத்தானைக் குறை சொல்லவில்லை.

நீங்களும் பனி மலைக்கு வண்டி கொண்டுபோவதாக இருந்தால், முதலில் எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இறுக்கிய பாதை என்றால் ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலப் பல் போதும். பெரிய பல்லை வாங்கினால், மேலே எதிலும் உரசாமல் சுழல இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். பனிக்கூடத்துக்கு மட்டும் போகிறவர்கள் வார நாளில் போங்கள், கூட்டம் குறைவு. கனமான சாக்ஸ் கையோடு எடுத்துப் போங்கள்.

அத்தான் திரும்பி வந்ததும், அங்கே எது ரொம்பப் பிடித்தது என்று கேட்டேன். மலையைச் சொல்வார் என்று நினைத்தேன்.

“மொத நாள் காலையில வேற ஒரு வண்டியும் போவல மக்கா. நான்தான் ஓட்டிப் பாத்தேன். எறங்கித் திரும்பிப் பாத்தா, பல்லு பதிஞ்ச தடம் ஒரே நேரா வருது. கடல்ல எவ்வளவு நல்ல இஞ்சின் மாட்டிக் குடுத்தாலும் தண்ணி உடனே மூடிரும். இது மூடல. நான் மாட்டுனது அப்படியே கெடந்துச்சு, பாத்துக்கிட்டே நின்னேன்.”