தோக்சான் வாசித்த மத்தியானம்

சிர்தாரியா ஆற்றங்கரைக் கிராமத்தில் தோக்சானின் கோபிஸ் கேட்டாலே நோயாளிக்குப் பாதி தெம்பு வந்துவிடும். ஒரே மரத்தில் குடைந்த வாத்தியம் அது. குதிரைவாலில் திரித்த இரண்டே நரம்புகள். வில்லை இழுத்தால் குளிரில் ஓநாய் ஊளையிடுவது போலிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடம், வாசித்து நோய் தீர்ப்பது மூடநம்பிக்கை என்று அரசாங்கம் அதற்குத் தடை போட்டது. ஊரை ஆண்ட கிராம சோவியத் குழுவின் தலைவன் அப்திராஷ், தோக்சானின் மனைவி குல்சிபாவுக்குத் தம்பி. அவனே காகிதத்தோடு வந்தான்.

"மச்சான், இனிமே வாசிக்க மாட்டேன்னு கைநாட்டு வைங்க. வாத்தியத்தை எரிக்கணும்னுதான் உத்தரவு. எங்கயாவது மூடி வைங்க, என் கண்ணுல படாம."

தோக்சான் கைநாட்டு வைத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர்களுடைய ஒரே மகள் அக்லிமாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு வயது. டாக்டர் இருந்த ஊருக்கு ஒட்டகத்தில் இரண்டு நாள் பயணம். பனி வழியை அடைத்திருந்தது.

"அப்பா, வாசிங்கப்பா," என்றாள் குழந்தை.

தோக்சான் கம்பளத்துக்கு அடியிலிருந்து கோபிஸை எடுத்து மடியில் வைத்தார். குல்சிபா பாய்ந்து வந்து வில்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உங்களையும் புடிச்சிட்டுப் போயிட்டா நாங்க என்ன பண்றது? வேணாம்!"

மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

தோக்சான் குல்சிபாவை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். ஏழாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்ததும், கையை நீட்டி, "வில்லைக் குடு," என்றார். கொடுத்தாள்.

நட்ட நடு மத்தியானம். சோவியத் அலுவலகத்து வாசலில், பனியில் உட்கார்ந்து வாசித்தார். அப்திராஷ் ஓடி வந்தான்.

"மச்சான், நிறுத்துங்க! உள்ள மாவட்டத்து ஆளுங்க இருக்காங்க. அக்கா, நீயாவது சொல்லேன்!"

குல்சிபா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலைமுக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு கேட்டாள். இந்தச் சத்தத்தைத்தானே பிள்ளை கேட்டது என்று நெஞ்சு வெடித்தது. வாசித்து முடிக்கும்வரை அந்த ஆட்களும் ஏனோ நெருங்கவில்லை. பிறகு அவரை வண்டியில் ஏற்றினார்கள்.

இருபத்தாறு வருடம் கழித்து அரசாங்கத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கிழவனாகியிருந்த அப்திராஷ்தான் படித்தான்.

"மச்சான் மேல தப்பே இல்லையாம், அக்கா. புடிச்சிட்டுப் போன வருசமே ஜெயில்ல செத்துட்டாராம்." மேலே படிக்க முடியாமல் விம்மினான்.

இத்தனை வருடமும் அவனுக்கு அவள் கதவைத் திறந்ததில்லை. கிண்ணத்தில் பால் விட்டுத் தேநீரை ஊற்றி அவன் முன்னால் நகர்த்தினாள்.

"குடி. நான்தான் வில்லைப் புடுங்கினேன். நீ இல்ல."