எங்க அம்மாவுக்குக் குற்றாலத்தில் வேலை

நான் வேலை பார்ப்பது ஈராசிரியர் பள்ளியில். தென்காசியை ஒட்டி, குத்துக்கல்வலசைப் பக்கம் இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வகுப்புகள் வரை என்னிடம், நான்கும் ஐந்தும் பெரிய டீச்சரிடம். தலைமையாசிரியையைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதனால் நான் சின்ன டீச்சர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்கு இருக்கிற பெருமையை நான் மறைப்பதில்லை. எங்கே கையெழுத்துப் போட்டாலும் பின்னால் பட்டத்தையும் சேர்த்து எழுதிவிடுவேன். "பதிவேட்டுக் கட்டத்துக்குள்ள அவ்வளவும் கொள்ளாதும்மா" என்று பெரிய டீச்சர் சிரிப்பார்.

அந்த வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு விதவிதமான வேலைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. புத்தகத்தில் படங்கள் உண்டு. "டாக்டர் ஊசி போடுவார், போலீஸ் திருடனைப் பிடிப்பார்" என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். படத்துக்குப் பதிலாக நிஜ ஆட்களையே கூட்டி வந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஒரு பெண் காவலரிடமும் ஒரு தீயணைப்பு வீரரிடமும் கேட்டேன். இரண்டு பேருமே வருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் அவரவருக்குப் பிடித்த வேலைக்காரர் மாதிரி உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்பதும் என் ஏற்பாடுதான்.

அதற்கு முந்தின வாரம் ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "எங்கப்பா கொத்தனாரு டீச்சர், ஆனா இப்ப சும்மா படுத்திருக்காவ." "எங்கம்மா பீடி சுத்துதாவ." "எங்க மாமா மிலிட்டரி, வரும்போது சாக்லேட் கொண்டாருவாவ." எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, கடைசி வரிசையில் இருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள். எந்நேரமும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிற வாய் அவளுக்கு.

"டீச்சர், உங்க அம்மா என்ன வேலை பாக்காவ?"

"குற்றாலத்துல. பேரூராட்சியில" என்றேன்.

"அங்கன என்ன செய்வாவ?"

"நோட்டை எடுங்க எல்லாரும்" என்றேன்.

எங்கள் அம்மா பேரூராட்சித் துப்புரவுப் பணியாளர். பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கத்தைக் கூட்டிக் கழுவுவது அவள் வேலை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நான் 'பேரூராட்சியில் வேலை' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டேன். கேட்பவர்கள் ஒரு மேஜையையும் மின்விசிறியையும் தாங்களாகவே கற்பனை செய்துகொள்வார்கள். நான் பொய் சொல்லவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். அம்மாவுக்கு இது தெரியும். நான் படித்த பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களுக்கு அவள் வருவாள், ஆனால் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். நானும் உள்ளே வா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அவளோ நேர்மாறு. அருவிக்கு வருகிற சென்னைக்காரிகளிடமும் மதுரைக்காரிகளிடமும், தலை துவட்டிக்கொண்டு நிற்கும்போதே, "எம்மவ டீச்சரு" என்று சொல்லிவிடுவாள். அருவிக்கரை முழுக்க என்னைத் தெரியும். என் பள்ளிக்கூடத்தில் அவளை ஒருவருக்கும் தெரியாது.

நான் குறித்த வெள்ளிக்கிழமை காலையில் சாரல் வலுத்துவிட்டது. பிள்ளைகள் குடைக்குள்ளிருந்து டாக்டர்களாகவும் போலீஸ்களாகவும் இறங்கினார்கள். எண்ணிப் பார்த்தால் ஏழு டாக்டர், ஐந்து போலீஸ், ஒரு கலெக்டர். கேள்வி கேட்கிற அந்தப் பிள்ளை மட்டும் எப்போதும் போடுகிற சீருடையில், கையில் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, "நான் பஸ் டிரைவர் டீச்சர். வழி விடுங்க" என்றாள்.

ஒன்பதரைக்குப் பெண் காவலர் போன் செய்தார். "மலையில நல்ல மழை டீச்சர். அருவியில குளிக்கத் தடை போட்டாச்சு. எங்க எல்லாரையும் அங்கனதான் நிறுத்தியிருக்காவ." அடுத்த பத்து நிமிடத்தில் தீயணைப்பு வீரரும் அதையே சொன்னார். பெரிய டீச்சர் மதுரைப் பக்கத்துக்காரர், அவருக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாமல் போனதில் வியப்பில்லை. சீசன் நேரத்தில் போலீஸும் தீயணைப்பும் அருவிக்குத்தான் சொந்தம் என்பது குற்றாலத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவளே நான்தான்.

"வேற யாரையாவது கூப்பிட முடியுமா? பிள்ளைங்க முகத்தைப் பாருங்க" என்றார் பெரிய டீச்சர்.

அப்போது அம்மா போன் செய்தாள். போனைக் காதில் வைக்க வேண்டியதே இல்லை, அவள் குரல் அறை முழுக்கக் கேட்கும்.

"ஏட்டி! அருவித் தண்ணி பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேல அடிக்குது. குறையுற வரைக்கும் எங்களுக்கு அங்கன வேலை இல்ல, வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாவ. உனக்குச் சோறு கொண்டாரட்டா?"

நான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கடைசிக்குப் போனேன். கூரையிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, சோறு வேண்டாம். நீ ஸ்கூலுக்கு வாரியா?"

"எதுக்கு? கேட்டுகிட்ட நிக்கணுமா?"

அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இல்ல. உள்ள. பிள்ளைககிட்ட உன் வேலையப் பத்திச் சொல்லணும்."

 "என் வேலையவா?" என்றாள்.

"ஆமா. வேலைக்குப் போடுத பச்சைக் கோட்டைப் போட்டுக்கிட்டு வா. அப்புறம்மா… கொஞ்சம் மெதுவாப் பேசணும், சரியா?"

கடைசியாகச் சொன்னதை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

தென்காசியில் பஸ் மாறி, பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தாள். கோட்டைக் காணோம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்துக்கொடுத்த அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். தலையில் பிச்சிப்பூ, முகத்தில் பவுடர், கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. பட்டின் கரை சேற்றில் படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். நான் ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். என்னைப் பார்த்து, "வணக்கம் டீச்சர்" என்றாள்.

பெற்ற மகளிடம் வணக்கம் சொல்லுகிறாளே என்று திக்கென்றது. சிரித்து மழுப்பிவிட்டு, வகுப்பின் முன்னால் அவளை நிறுத்தி, "இவங்க குற்றாலத்துல வேலை பாக்கிறவங்க. என்ன வேலைன்னு இவங்களே சொல்லுவாங்க" என்றேன். அம்மா என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போய்விட்டது. பெரிய டீச்சர் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நாங்க… அருவிக்கரைல கூட்டுவோம். கழுவுவோம். அவ்வளவுதான் டீச்சர்" என்று, அவளுக்கே கேட்காத குரலில் சொல்லிவிட்டு, போகலாமா என்பதுபோல என்னைப் பார்த்தாள். மெதுவாகப் பேசச் சொன்னது நான்தானே.

 தட்டை மடியில் வைத்திருந்த பஸ் டிரைவர்தான் கேட்டாள். "ஆச்சி, உங்களுக்கு யூனிபாரம் கிடையாதா?"

"ஆச்சியா? எனக்கு அம்புட்டு வயசா ஆயிட்டு?" என்றாள் அம்மா. பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா பைக்குள் கைவிட்டாள். துவைத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த பச்சைக் கோட்டு. நெஞ்சிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற மஞ்சள் பட்டை. அதைப் பட்டுச் சேலைக்கு மேலேயே மாட்டி, பொத்தானைப் போட்டாள். பூவைப் பின்னால் தள்ளிவிட்டாள்.

கோட்டோடு சேர்ந்து குரலும் வந்துவிட்டது.

"ஏய், சோப்புப் போடாத! அந்தக் கல்லுல ஏறாத! பச்சப் பிள்ளையக் கையில பிடி!"

முதல் வரிசை டாக்டர் ஒருவனின் ஸ்டெதஸ்கோப் கீழே விழுந்தது. ஒரு நொடி எல்லாரும் வெலவெலத்துப்போய், பிறகு வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது.

"ஏன் இப்படிக் கத்துதேன் தெரியுமா? அருவிச் சத்தத்துல மெதுவாச் சொன்னா ஒருத்திக்கும் கேக்காது. கேக்கலன்னா வழுக்கி விழுவா. மண்ட உடையும்."

"நீங்க யாரையாவது காப்பாத்துனியளா?" என்று ஒரு போலீஸ் கேட்டான்.

"விழுந்தவியளத் தூக்கதுக்கு வேற ஆளு இருக்கு. நான் விழாமப் பாத்துக்கிடுவேன். விடிய முன்னால போயி, பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாசியத் தேய்ப்பேன். தேய்ச்ச பொறவு செருப்பக் கழட்டிட்டு ஒவ்வொரு கல்லா மிதிச்சுப் பாப்பேன். பாசி போயிட்டான்னு கண்ணால பாத்தாத் தெரியாதுலே, காலாலதான் தெரியும்."

வராந்தா சாரலில் நனைந்து கிடந்தது. வாங்க என்று எல்லாரையும் அங்கே கூட்டிப்போனாள். குதிகாலைத் தூக்காமல், பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நடந்து காட்டினாள். பின்னாலேயே டாக்டர்கள், போலீஸ்கள், கலெக்டர், தட்டைத் திருப்பிக்கொண்டே டிரைவர் எல்லாரும் நண்டு மாதிரி ஊர்ந்து போனார்கள். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தன. பெரிய டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார். குற்றாலத்தில் இருபது வருடமாகக் குளிக்கிறவர்களும் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

மறுபடியும் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு, தண்ணீரில் தவறிப்போகிற பொருள்களைப் பற்றிச் சொன்னாள். கம்மல், கொலுசு, மூக்குக் கண்ணாடி. கிடைப்பதையெல்லாம் அங்கேயே இருக்கிற போலீஸிடம் கொடுத்துவிடுவாளாம். "ஒருநா பல் செட்டு ஒண்ணு கிடந்துச்சு. எடுத்து ஒரு கல்லு மேல வச்சேன். தேடி ஆளு வருத வரைக்கும் அது என்னயப் பாத்து இளிச்சுக்கிட்டே இருந்துச்சு. கூட்ட விடுதாப்புல இல்ல, சவம்."

பிள்ளைகள் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். அப்போதுதான் பஸ் டிரைவர் எழுந்து நின்று, அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர், இவிய சிரிச்சா மூக்கு உங்க மூக்கு மாரியே விரியுது."

வகுப்பு முழுக்கத் திரும்பி எங்கள் மூக்குகளைப் பார்த்தது. அம்மாவின் சிரிப்பு அடங்கியது. அவசரமாக, "டீச்சர் பெரிய படிப்பு படிச்சவங்க, அவங்க மூக்கு எங்க, என் மூக்கு எங்க" என்றாள். எனக்காக, என் பிள்ளைகள் முன்னால், என்னை யாரோ ஆக்கினாள். கேட்டுக்கு வெளியே நின்ற அத்தனை வருடமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

"எங்க அம்மா" என்றேன். குரல் எழும்பவில்லை. இன்னும் சத்தமாக மறுபடியும் சொன்னேன். "இவங்க எங்க அம்மா. இவங்க அருவிக்கரையக் கழுவித்தான் என்னையப் படிக்க வச்சாங்க."

நான் இத்தனை வருடம் பயந்த நேரம் அதுதான். பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "அப்ப நீங்க தெனமும் ஓசியிலயே அருவியில குளிக்கலாமா டீச்சர்?" என்றான் கலெக்டர். ஒருத்தி வந்து அம்மாவின் கோட்டிலிருந்த மஞ்சள் பட்டையைத் தடவிப் பார்த்தாள். பெரிய டீச்சர் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மக வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்குத்தான் உங்களை எங்க கண்ணுல காட்டுது" என்றார். 

அம்மா மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள். பிறகு குனிந்து என் காதருகில், "இதச் சொல்லதுக்கா ஏட்டி இம்புட்டு நேரம்?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னதாக அவள் நினைப்பு. கடைசி வரிசை வரை கேட்டது.

பிள்ளைகளோடு சேர்ந்து சத்துணவு சாப்பிட்டாள். தட்டைக் கடன் கொடுத்தது பஸ் டிரைவர். ஒன்றரைக்குப் பேரூராட்சியிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. தண்ணீர் குறைந்துவிட்டது, அடித்து வந்த கட்டைகளையும் கல்லையும் அள்ள ஆள் வேண்டும், உடனே வா என்று. பக்கத்திலேயே இருந்த பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். சாரல் நின்று காற்று மட்டும் அடித்தது.

"கோட்டைக் கழட்டலையா?"

"எதுக்கு? அங்கன போயித் திரும்பப் போடணும்லா" என்றாள்.

பட்டுச் சேலைக்கு மேல் பச்சைக் கோட்டோடு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நடத்துநர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். என்னைக் கைகாட்டி, இன்ஜின் சத்தத்துக்கு மேலே, "எம்மவதான்! இந்த ஸ்கூல்ல டீச்சரு!" என்றாள். பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இதே மாதிரி எத்தனை பஸ்ஸில் அவள் கையைக் கிள்ளி அடக்கியிருப்பேன்.

பஸ் கிளம்பியது. அருவிக்கரைக் கல்லில் வண்டல் எப்படிப் படிந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. ரோட்டோரம் நின்று, அவளுக்குக் கேட்கிற மாதிரி நானும் கத்தினேன். "அம்மா! பாத்துக் காலை வையி! வழுக்கும்!"

ஜன்னலுக்கு வெளியே ஒரு பச்சைக் கை ஆடியது. திரும்பினால், பள்ளிக்கூட கேட்டின் கம்பிகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு பஸ் டிரைவர் நின்றிருந்தாள்.

"டீச்சர்," என்றாள், "சத்தமும் அதே மாரிதான்."