தாத்தாவுக்கு வயிறு வேண்டும்

இனயம் கடற்கரையில் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் கோளாறானால் ததேயுஸின் கொட்டகைக்குத்தான் கொண்டு வருவார்கள். தோளில் சுமந்து வந்து ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, "எஞ்சின் இருமுதுலே, என்னண்ணு பாரு" என்று சொல்லிவிட்டுக் கட்டன்சாயா குடிக்கப் போய்விடுவார்கள். ததேயுஸ் சாய்வு நாற்காலியை எஞ்சின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருவான். பனியன் மேல் ஒரு பழைய துணியை விரிப்பான். கழற்றுகிற நட்டு, வாஷர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் வயிற்றின் மேல் வரிசையாக வைப்பான். அதுதான் அவனுக்கு மேஜை. இத்தனை வருடத்தில் ஒரு வாஷர்கூட அங்கிருந்து உருண்டு விழுந்ததில்லை.

டிசம்பர் பிறந்தால் அந்த வயிற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வீடு வீடாகப் பாடிப் போகும் பங்குக் கோயிலின் கேரல் கூட்டத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா அவன்தான். சிவப்பு அங்கி, பஞ்சுத்தாடி ஒட்டிய முகமூடி, கையில் மிட்டாய்ப் பை. தாத்தா ஆட வேண்டும், ஆனால் பேசக்கூடாது. பேசினால் யாரென்று பிள்ளைகளுக்குத் தெரிந்துபோகும். மற்ற ஊர்த் தாத்தாக்களுக்கு வயிற்றில் தலையணை கட்டுவார்கள். இனயத்துத் தாத்தாவுக்குச் சொந்த வயிறு. நடுவில் ஒரே ஒரு வருடம், காலில் எஞ்சின் விழுந்து மாவுக்கட்டோடு கிடந்தபோது மட்டும் அவனால் போக முடியவில்லை. பிள்ளைகள் ஓடி வந்து அந்த வயிற்றில் முட்டுவார்கள், காது வைத்துக் கேட்பார்கள். அவன் மகள் லிஜா, இரண்டாம் வகுப்பு, கட்டிப்பிடித்தால் விடவே மாட்டாள். "எங்க அப்பாக்க வயிறு மாதிரியே இருக்கு" என்று ஒவ்வொரு வருடமும் சொல்லுவாள். அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருடம், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் ஷிஜின் இரண்டு படங்களைப் போட்டான். ததேயுஸோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் ஷிஜின். இப்போது மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இடதுபக்கப் படத்தில் இறுக்கமான பனியனைத் தள்ளிக்கொண்டு ஒரு பெருவயிறு. வலதுபக்கப் படத்தில் கூலிங் கிளாஸ், யாருடையதோ ஒரு கார், பெல்ட்டுக்குள் அடங்கிய தட்டையான சட்டை. கீழே எழுதியிருந்தது: ‘நாற்பது நாள். பதினெட்டு கிலோ. நோ ரைஸ், நோ கிழங்கு, நோ சுகர்.’

இடதுபக்க ஷிஜினுக்கு நெற்றி மறைய முடி இருந்தது. வலதுபக்க ஷிஜினுக்கு நெற்றி உச்சிவரை போயிருந்தது. எடை இறங்கினால் தலைமுடியும் கூடவே இறங்கும்போல, என்று ததேயுஸ் நினைத்துக்கொண்டான்.

குரூப்பில் கைதட்டல் ஓயவில்லை. ஒரு வாரத்தில் கோட்டாற்றில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஆன்ட்ரூஸ், மூச்சை இழுத்துப் பிடித்த முகத்தோடு கடைவாசலில் நின்று, ‘ஒன்பது கிலோ’ என்று போட்டான். பெங்களூரில் இருக்கிற ஒருவன் எடை மெஷினையும் அதன்மேல் இரண்டு பாதங்களையும் போட்டான். யாருடைய பாதங்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிறகுதான் ஆன்ட்ரூஸுக்கு அந்தக் குசும்பு தோன்றியது. போன கிறிஸ்துமஸில் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கேக் தின்றுகொண்டிருந்த ததேயுஸின் படத்தைத் தேடி எடுத்துப் போட்டு, ‘நம்ம தாத்தா எப்ப குறைக்கப் போறாரு?’ என்று கேட்டான்.

சிரிப்புப் பொம்மைகள் பெட்டியில் அடுக்கிய சாளைமீன்போல வரிசையாக வந்து விழுந்தன. ஷிஜினும் ஒன்று போட்டிருந்தான். அதுதான் ததேயுஸுக்குத் தைத்தது. அவனும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான்.

அன்று சாயங்காலம் அவன் மனைவி ஷிபா கூப்பிட்டாள். "மரச்சீனிக் கிழங்கும் சாளைக்கறியும் எடுத்து வச்சிருக்கேன். வந்து தின்னுங்க."

"கறி மட்டும் போதும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்காத வார்த்தை. கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலா?"

"இல்லட்டி. கிழங்கு தின்னா தடி கூடும்."

"அத இப்பமா கண்டுபிடிச்சிய?"

"ஷிஜின் கண்டுபிடிச்சான்."

"அவன் ஏசி ரிப்பேரு பாக்கவனாக்கும். எப்ப டாக்டரானான்?"

ததேயுஸ் கறியை மட்டும் வழித்துத் தின்றான். மறுநாள் விடியற்காலையில் கடற்கரையில் நடக்கப் போனான். கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விடாமலே கழுத்தை மட்டும் திருப்பினார்கள்.

"ஏலே ததேயுஸு, எங்கலே ஓடுத?"

"ரிப்பேரு பாத்த எஞ்சின டெஸ்ட் பண்ணுதான் மக்கா!"

"வெலகுங்கலே, வள்ளம் கரையில வருது!"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். மறுநாளும் நடந்தான். வெறும் மீனும் வெள்ளரிக்காயும் தின்றான். பக்கத்து வீட்டில் கிழங்கு வேகும் மணம் வந்தால் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவான். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது துண்டில் முடி இருக்கிறதா என்று பார்ப்பான். ஒருநாள் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு வாஷர் அவன் வயிற்றிலிருந்து மெல்ல நகர்ந்து, சரிந்து, மணலில் விழுந்தது. அதை எடுத்து ஊதித் துடைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

கேரல் கூட்டத்தின் தலைவர் இஞ்ஞாசி நவம்பர் கடைசியில் வந்தார்.

"அங்கிய எடுத்து வெயில்ல போடச் சொல்லுலே. பாச்சா உருண்ட வாசம் போவணும்."

"இந்த வருசம் என்ன விட்டுருங்கண்ணே. வேற ஆளப் பாருங்க."

"எதுக்குலே?"

"முதுகு வலி."

இஞ்ஞாசி அவனை மேலும் கீழும் பார்த்தார். "தாத்தாக்கு வயிறுல்லா வேணும்? உனக்க முதுக யாரு கேட்டா?"

ஆளாளுக்குக் கையில் போன் இருக்கிறது, படம் எடுப்பார்கள், குரூப்புக்குக் குரூப் போகும், மஸ்கட்டிலும் கோட்டாற்றிலும் இருந்து சிரிப்பார்கள். இதையெல்லாம் இஞ்ஞாசியிடம் எப்படிச் சொல்வது? முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் தலையை ஆட்டிக்கொண்டே அங்கியை வாங்கிப் போனார். அன்று முழுவதும் அவனுக்கு வேலை ஓடவில்லை.

முதல்நாள் கேரல் கிழக்குத் தெருவில். இஞ்ஞாசியின் தங்கை மகன், காலேஜில் படிக்கிற ஒல்லிப் பையன், புதுத் தாத்தா. டிரம் சத்தம் கேட்டதும் லிஜா கூட்டத்தோடு ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாங்கிய மிட்டாயைப் பிரிக்கவில்லை.

"அப்பா, தாத்தாக்கு தீனமா? சொகமில்லையா?"

"ஏன் மக்கா?"

"மெலிஞ்சு போனாரு. வயித்தத் தொட்டுப் பாத்தேன். ஒரு பக்கமா சரிஞ்சு கெடக்கு." அவள் குரல் இறங்கியது. "அடுத்த வருசம் வருவாரா? செத்துப் போவாரா?"

"சே. தாத்தா சாவ மாட்டாரு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் மிட்டாயைப் பிரித்து அவள் கையில் கொடுத்தான். ஷிபா வாசலில் நின்று புடவைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா என்று பார்த்தான். சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கொட்டகையில் அவன் ஷிஜினின் படங்களை மறுபடியும் எடுத்தான். பிள்ளையைக் கலங்கவைத்து இவ்வளவு பாடு படுகிறோமே, கடைசியில் அந்த வலதுபக்கப் படத்துக்குப் போய்ச் சேருவோமா? அதைவிட முடிக் கவலை வேறு. போனின் கீறல் விழுந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இடதுபக்க ஷிஜினின் தலையை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினான். படம் வழுக்கி ஓரத்துக்குப் போனது. ஒரு பச்சை ஜன்னல் தெரிந்தது. நடுவில் ஒரு மரச்சட்டம் இல்லாத ஜன்னல்.

மஸ்கட்டில் எங்கே அந்த ஜன்னல்? அது இங்கே பங்கு ஹாலில் இருக்கிறது. இன்றைக்கும் அந்தச் சட்டத்தை யாரும் மாற்றவில்லை.

படத்தைக் கீழே நகர்த்தினான். பனியனுக்குள் வயிற்றின் ஓரத்தில் பூனைக்காது மாதிரி ஒரு முனை துருத்திக்கொண்டிருந்தது. பனியனுக்குக் கீழே விரலளவு பச்சை நைலான் கயிறு. வலை கட்டுகிற கயிறு. அதில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சை ததேயுஸுக்குத் தெரியும், ஏனென்றால் போட்டவன் அவன்.

மாவுக்கட்டு வருடம். அவனுக்குப் பதில் அந்த முறை தாத்தாவானது அப்போது மஸ்கட் போகாமல் ஊரிலிருந்த ஷிஜின். ஹாலில் நாற்காலியில் கட்டுக்காலை நீட்டிக்கொண்டு, தன் வீட்டுத் தலையணையை ததேயுஸ்தான் அவன் இடுப்பில் வைத்து இறுக்கினான். அங்கி மாட்டுமுன் ஷிஜின் இடுப்பில் கைவைத்து நின்று, தன் புது நோக்கியாவை நீட்டினான். "ஒரு படம் எடுலே. உனக்க வயிறு எனக்குப் பொருந்துதாண்ணு பாப்போம்." படத்தை எடுத்ததும் ததேயுஸ்தான்.

கொட்டகையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு ஷிபா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். ததேயுஸ் நாற்காலியில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தான். வயிறு குலுங்கி ஸ்பிரிங்கும் நட்டும் நாலாபக்கமும் தெறித்துக் கிடந்தன. விஷயம் தெரிந்ததும் அவள் சொன்னாள், "அப்பிடியே குரூப்புல போடுங்க. உங்களப் பாத்துச் சிரிச்சானுவல்லா, இப்ப சிரிக்கட்டும்."

‘இது எனக்க தலையணையாக்கும்’ என்று டைப் செய்தான். அனுப்புகிற இடத்துக்கு மேல் விரல் நின்றது. படத்தில் ஷிஜின் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். எதிரில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த ததேயுஸைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. ததேயுஸ் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தான்.

"அடுத்த வாரம் லீவுக்கு வாறான்லா. நேர்ல வரட்டும். நீ ஆருட்டயும் சொல்லாத, கேட்டியா?"

அடுத்த வாரம் ஷிஜின் சென்ட் மணக்க, தொளதொளத்த சட்டையோடு கொட்டகைக்கு வந்தான். சட்டைக்குள், படத்தில் காணாத அளவான தொப்பை ஒன்று இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாதாவே! ஏலே, மீதிய எங்கலே வச்சிட்டு வந்த?"

"நோ ரைஸ், நோ கிழங்கு" என்றான் ததேயுஸ்.

"நெசமாட்டா?"

"நீ சொன்னல்லா."

ஷிஜினின் முகம் ஒரு மாதிரி ஆனது. ததேயுஸ் நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு தலையணையை எடுத்து அவன் கையில் வைத்தான்.

"உனக்க பதினெட்டு கிலோ இங்கதான் கெடக்கு மக்கா. போவும்போ மஸ்கட்டுக்குக் கொண்டு போறியா?"

ஷிஜின் தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆருட்டயாவது சொன்னியா?"

"ஷிபாக்கு மட்டும் தெரியும்."

"அப்ப பங்குசாமிக்கும் தெரியும்."

"தெரியாது. சொல்லாதண்ணு சொல்லியிருக்கேன்."

வெளியே வள்ளங்களைப் பார்த்துக்கொண்டே ஷிஜின் சொன்னான்: "அன்னைக்கு வெள்ளிக்கிழம. ரூம்ல ஒருத்தனும் இல்ல. பழைய படமா பாத்துட்டு கெடந்தேன். இது வந்துது. ஒரு வெளாட்டுக்குப் போட்டேன் மக்கா. படம் எடுத்தவன் நீ. பாத்த ஒடனே ‘போலே கள்ளா’ண்ணு நீ ஏசுவண்ணு நினச்சேன். நீ ஏசல. மத்தவனுவ கை தட்டிட்டானுவ. பொறவு எப்பிடிலே எறங்க?"

"எனக்க படத்தப் பாத்தும் சிரிச்சல்லா?"

"நீயும் சிரிப்பு பொம்ம போட்ட. சரி, கண்டுட்டான், ஆனா காட்டிக் குடுக்க மாட்டாண்ணு நினச்சேன்."

"வயிறு எரிஞ்சு போட்ட பொம்மலே அது!"

"பொம்மையில அது தெரியாதுலா!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஷிஜின் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான், "ஆன்ட்ரூஸுக்க ஒம்பது கிலோ?"

"அது அவன் மூச்ச விட்ட ஒடனே திரும்பி வந்திருக்கும்."

அன்றைக்கே ததேயுஸ் இஞ்ஞாசி வீட்டுக்குப் போனான். முதுகு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அங்கியை எடுத்துக் கையில் கொடுத்தார். அவருடைய தங்கை மகன், "தப்பிச்சேன் அண்ணே" என்று முகமூடியையும் கொண்டு வந்து கொடுத்தான். போட்டுப் பார்த்தால் அங்கி காற்றில்லாத பாய்மரம்போலத் தொங்கியது. ரெண்டு பக்கமும் பிடித்துத் தைக்கட்டுமா என்று ஷிபா கேட்டாள். வேண்டாம் என்றான். காலையில் நடப்பதை விடுவதாக இல்லை, கடற்காற்று பிடித்துவிட்டது. ஆனால் மரச்சீனி இல்லாத இரண்டு மாதத்தை இன்னொரு தடவை தாங்க முடியாது.

கடைசிநாள் கேரல் அவர்கள் தெருவில். பொழுது சாயும் நேரத்தில் பங்கு ஹாலில், சட்டமில்லாத அந்த ஜன்னல் பக்கத்தில், ஷிஜின் அவன் வயிற்றில் தலையணையை வைத்துப் பச்சைக் கயிற்றால் சுற்றினான்.

"மூச்ச விடுலே."

"விட்டாச்சு."

"இன்னும் விடு. முடிச்சு நிக்காண்டாமா?"

"உனக்கு எங்கலே முடிச்சு போடத் தெரியும்? நெகழ்ந்தா தாத்தா மானம் போயிரும்."

"நெகழாது. நீ கட்டுனதப் பாத்துப் படிச்சதாக்கும். படம் எனக்க போன்ல இருக்குல்லா?"

டிரம் முழங்கக் கூட்டம் ததேயுஸின் வீட்டு முற்றத்தில் நுழைந்தபோது லிஜா கதவோரம் நின்றாள். ஓடி வரவில்லை. மெல்ல வந்து ஒரு விரலால் தாத்தாவின் வயிற்றை அழுத்தினாள். பிறகு காதை வைத்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்துக் கட்டிக்கொண்டாள். கை எட்டவில்லை. அது அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

"அம்மா, தாத்தாக்கு தீனம் மாறிட்டுது!" என்று கத்தினாள். தாத்தாவின் முகமூடியை அண்ணாந்து பார்த்து, "கொஞ்சம் மெலிஞ்சுதான் இருக்கிய. நல்லா தின்னணும், கேட்டியளா" என்றாள். தாத்தா தலையை ஆட்டினார்.

ஷிபா தட்டோடு வந்தாள். மற்ற வீடுகளில் கேக் கொடுத்தார்கள். அவள் கொண்டு வந்தது ஆவி பறக்கும் மரச்சீனியும், குடம்புளி போட்ட சாளைக்கறியும். தாத்தா சுவரைப் பார்த்துத் திரும்பி, முகமூடியின் கீழ்ப்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டார். கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. ஷிஜின் போனை உயர்த்தினான்.

"குரூப்புல போடட்டா, தாத்தா?"

தாத்தா பேசக்கூடாது. வாயில் கிழங்கு வேறு இருந்தது. போடு என்று இடதுகையால் வீசிக் காட்டிவிட்டு, தட்டை இன்னொரு தடவை ஷிபாவிடம் நீட்டினார்.