மூன்றாவது பின்

அங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு துண்டில் துடைத்து அதைக் கொடியில் போட்டுவிட்டு, காய்ந்த வேறொரு துண்டை எடுத்து விரலிடுக்குகளில் மறுபடியும் துடைக்கிறார். காலில் ரப்பர் செருப்பு, அதற்கும் கீழே ஒரு மரப்பலகை. சுவிட்சைப் போட்டதும் கிரைண்டரின் கல் சுழலத் தொடங்குகிறது. உடனே அரிசியைக் கொட்டிவிட மாட்டார். இடுப்பில் செருகியிருக்கும் டெஸ்டரை உருவி, இயந்திரத்தின் இரும்பு உடம்பில் அதன் நுனியை வைத்து, மேல்முனையை விரலால் அழுத்தி, உள்ளே சிவப்பாகப் பொட்டு எரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். எரியவில்லை. அதுவும் போதாது. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, வலது கையைத் திருப்பிப் புறங்கையால் இரும்பை ஒரு தட்டுத் தட்டுகிறார்.

“சீக்கிரம் போடும்மா, அடுப்புல சோறு இருக்குது” என்கிறாள் வாசலில் நிற்கும் ஒருத்தி.

“இருமா. உன் மாவு எங்கியும் ஓடிப் போவாது.”

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்புறம் போகும் சந்து ஒன்றில் இருக்கிறது அந்த மாவு மில். நான் அடுத்த தெருக்காரி. இட்லிக்கு அரிசி ஊறப்போட்டால் அங்கேதான் போவேன். வாசற்படியைத் தாண்டி யாரும் உள்ளே வரக்கூடாது. ஈரமான தூக்குவாளியோடு ஒரு காலை எடுத்து வைத்தாலே அங்கம்மாள் சீறுவார். “அங்கியே நில்லு!” ஐம்பத்தைந்து வயதுக்கு மீறிய குரல் அது. புதிதாக வருகிறவர்கள் ஏதோ ஆசாரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு முகம் சுளிப்பார்கள்.

புறங்கையால் ஏன் தொடுகிறார் என்று ஒரு நாள் கேட்டேன்.

“உள்ளங்கையால தொட்டா வெரலுங்க தானா மடங்கி இறுக்கிக்கும்மா. உடணும்னு நெனச்சாலும் உட முடியாது. பொறங்கைன்னா தட்டி உட்ரும்.”

“இன்னொரு கை ஏன் பின்னால போகுது?”

“ரெண்டு கையும் வெச்சா, இதுல ஏறி அதுல எறங்கும். நடுவுல நெஞ்சு இருக்குதுல்ல.”

இதையெல்லாம் அவர் கற்றுக்கொண்டது பக்கத்துத் தெரு வயர்மேன் சந்தோஷ்குமாரிடம். அவர் டீக்கடையில் நின்றால் அங்கம்மாள் போய்ப் பிடித்துக்கொள்வார். வோல்டேஜ் என்றால் என்ன, கரண்ட் என்றால் என்ன, ஒயரைத் தொட்டால் ஒருவர் பிழைக்கிறார், ஒருவர் சாகிறாரே, அது எப்படி? அந்த மனிதரும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கேட்டதை அங்கம்மாள் தனக்குத் தோதாக மாற்றி வைத்துக்கொண்டார்.

“வரதர் கருட சேவை அன்னிக்கி ஜனம் போவுது பாரு. பின்னாலேர்ந்து நெட்றாங்க இல்ல, அந்த நெட்டுதான் வோல்டேஜு. நகந்து போற ஜனம் கரண்டு. சந்து குறுகலா இருந்தா கொஞ்சம் பேருதான் போவ முடியும், அது ரெசிஸ்டன்ஸு. காஞ்ச ஒடம்பு குறுகல் சந்தும்மா. நனஞ்ச ஒடம்பு ராஜ வீதி.”

இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. கேட்பவர்களுக்கும் சிரிப்பு வருவதில்லை.

டெஸ்டர் அவர் இடுப்பை விட்டு இறங்குவதே கிடையாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்திருக்கிறார். மகள் தீபிகாவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியில் வைத்துப் பார்த்து நர்ஸிடம் திட்டு வாங்கினார். ஆடி மாதம் பட்டுக்கடை ஒன்றின் வாசலில், சீரியல் பல்புகள் சுற்றிய கம்பத்தின் அருகே குனிந்து நின்றவரைத் திருட வந்தவர் என்று நினைத்துக் காவலாளி தோளைப் பிடித்துத் தள்ளினார். விழுந்து எழுந்தவர், “எரியல, நல்லா இருக்குது” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கணவர் கண்ணாயிரம் இருந்த காலத்தில் அங்கம்மாள் சுவிட்ச் போர்டின் பக்கமே போனதில்லை. அரிசி வாங்கி வைப்பதும் மாவைத் தூக்கில் அளந்து போடுவதும் அவர் வேலை. கரண்ட் சமாச்சாரம் எல்லாம் கணவருடையது. கிரைண்டரின் பிளக்கில் மூன்று பின் உண்டு. இரண்டின் வழியே மின்சாரம் போய்த் திரும்பும். தடிமனாக இருக்கும் மூன்றாவது பின் எர்த். இயந்திரத்துக்குள் எங்காவது ஒயர் நைந்து, இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறிவிட்டால், தொடுகிற ஆளின் வழியே போகாமல் அந்தப் பின்னோடு சேர்ந்த கம்பி வழியாக மண்ணில் இறங்கிவிடும். அந்தப் பின் ஒரு நாள் உடைந்துபோனது. “ரெண்டுலியே ஓடுதே, மூணாவது இன்னாத்துக்கு?” என்று கண்ணாயிரம் அப்படியே செருகினார். கிரைண்டரும் ஓடியது. பல மாதம் ஓடியது. மழை நாட்களில் தொட்டால் எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. “மிஷினு கிச்சுகிச்சு மூட்டுது” என்று புருஷனும் பெண்சாதியும் சிரித்திருக்கிறார்கள். காலடியில் ஒரு கோணியை மடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் அடைமழை. சந்துத் தண்ணீர் மில்லுக்குள் வந்துவிட்டது. கோணி ஊறிக் கிடந்தது. கண்ணாயிரம் வெறுங்காலோடு, கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் விளிம்பைப் பிடித்தபடி மாவை வழிக்கக் குனிந்தார்.

“கத்தவே இல்லம்மா. அப்பிடியே நின்னார். பல்லக் கடிச்சிக்கினு என்னையே பாத்துக்கினு நின்னார். வெளயாடுறார்னு நெனச்சேன்.”

ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தவரை மின்சாரம் அரிசி மூட்டைகளின் மேல் தூக்கி அடித்தது. எழுந்து சுவிட்ச் போர்டுக்குப் போனார். எது எதற்கென்று தெரியாது.

“ஒவ்வொண்ணா அணைச்சேன். லைட்டு அணைஞ்சிது. ஃபேன் நின்னுது. பாட்டு நின்னுது. அவர மட்டும் உடல.”

கிரைண்டரின் சுவிட்ச் அந்தப் போர்டில் இல்லை. அது கிரைண்டருக்குப் பின்னால், கண்ணாயிரத்தின் உடம்பு மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் இருந்தது. முழு மில்லுக்கும் உரிய மெயின் சுவிட்ச், பக்கவாட்டில் பிடியோடு கூடிய இரும்புப் பெட்டி, வாசலுக்கு மேலே, அங்கம்மாளின் முதுகுப்பக்கம் இருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த டீக்கடைக்காரர்தான் எட்டி அந்தப் பிடியைக் கீழே இழுத்தார். அதன் பிறகுதான் கண்ணாயிரம் விழுந்தார்.

“கல்யாணம் ஆயி வந்த நாள்லேர்ந்து அதுக்குக் கீழதாம்மா நடந்துக்கினு இருந்தேன். அது இன்னான்னு ஒரு நாள் கேக்கல.”

மில்லை விற்றுவிடச் சொன்னார்கள். ஏனாத்தூரில் பிறந்த வீட்டுக்கு வந்துவிடும்படி அண்ணன் கூப்பிட்டார். அங்கம்மாள் போகவில்லை. காரியம் முடிந்ததும் சந்தோஷ்குமாரை வரவழைத்து எல்லா ஒயரையும் பிடுங்கிப் புதிதாகப் போடச் சொன்னார். மண்ணில் குழி தோண்டி எர்த் போட்டார்கள். மெயினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. போன மின்சாரத்தில் கொஞ்சம் திரும்பி வராவிட்டாலும், யார் உடம்பு வழியாகவோ இறங்குகிறது என்று கண்டுகொண்டு தானே அணைந்துவிடும் பெட்டி அது. மாட்டிவிட்டுக் கீழே இறங்கிய சந்தோஷ்குமார், “இனிமே பயம் இல்லக்கா” என்றார். அங்கம்மாள் அந்தப் பெட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். “இது அப்பவே கடையில வித்துதா?” என்று மட்டும் கேட்டாராம்.

போன ஆண்டு தீபிகாவின் குழந்தை அனுவுக்குக் காது குத்தினார்கள். வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலை அடைத்து ஷாமியானா. நானும் போயிருந்தேன், சந்தோஷ்குமாரும் வந்திருந்தார். சாயங்காலம் தூறல் போட்டது. பந்தலின் இரும்புக் குழாய்களில் சீரியல் பல்புகள் சுற்றியிருந்தார்கள். பிள்ளைகள் குழாயைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன.

அங்கம்மாள் எழுந்து போனதை நான் பார்த்தேன். குழாயில் டெஸ்டரை வைத்தார். உள்ளே சிவப்புப் பொட்டு எரிந்தது. “யாரும் கம்பியத் தொடாதீங்க! புள்ளைங்கள நவுத்துங்க!” என்று கத்தினார். ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, யார் காதிலும் விழவில்லை. சம்பந்தி வீட்டுக்குள் ஓடி மெயினை அணைத்துவிட்டார்.

ஒரே இருட்டு. பாயச வாளியோடு படியிறங்கிக்கொண்டிருந்த சம்பந்தியம்மா கால் தடுக்கி விழுந்தார். விளக்கு திரும்ப வந்தபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பாயசத்தின் நடுவே உட்கார்ந்திருந்தார். எலும்பு முறிந்திருந்தது.

சந்தோஷ்குமார் ஒரு பல்பில் இரண்டு ஒயர் கோத்து, ஒன்றைக் குழாயிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்துப் பார்த்தார். பல்பு எரியவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தார். எங்கும் எரியவில்லை.

“அக்கா, பக்கத்துல ஒயர் ஓடுதில்ல, அதோட சாயல் கம்பியில தெரியுது. டெஸ்டர் எரிய அது போதும். ஆள அடிக்க அதுல ஒண்ணும் கெடயாது. நீ சொல்ற மாரி சொன்னா, நெட்டு இருக்குது, ஜனம் இல்ல.”

“அன்னிக்கும் மொதல்ல ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னோம்” என்றார் அங்கம்மாள்.

தீபிகா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவள் இடுப்பில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. “அப்பா போனது உனக்கு மட்டும்தான் வலிக்குதா? எனக்கு வலிக்கலியா? நான் இப்பிடியா எல்லார் உயிரையும் எடுத்துக்கினு இருக்கேன்? கெளம்பும்மா. இனிமே இத சொருவிக்கினு என் ஊட்டுப் பக்கம் வராத.”

மாதங்கள் போயின. தீபிகா ஃபோனை எடுக்கவில்லை. சம்பந்தியம்மாவின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே கூடியது என்று கேள்விப்பட்டபோது, அங்கம்மாள் மாவை வழிப்பதை நிறுத்திவிட்டுத் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழந்தை நடக்கிறதாம் என்று யாரோ வந்து சொன்னார்கள். “நடக்குதா?” என்று கேட்டுவிட்டு அடுத்த தூக்கை வாங்கி வைத்தார்.

சென்ற மாதம் தீபிகாவே கூப்பிட்டாள். “வந்து பாத்துட்டுப் போம்மா. ஆனா அத எடுத்துக்கினு வராத. வந்தா எதையும் தொடாத.” தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னைத் துணைக்கு அழைத்தார். டெஸ்டரை மில்லிலேயே வைத்துப் பூட்டினார். பேருந்து வாலாஜாபாத் போய்ச் சேரும் வரை அவர் கை இடுப்பின் அந்த இடத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

கூடத்தில் சம்பந்தியம்மா “வாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு பெரிய ஃபேன், உயரமான இரும்புக் கால் மேல் நின்று தலையைத் திருப்பித் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் தரையோடு ஓடிச் சுவருக்குப் போனது. துடைத்த தரை இன்னும் காயவில்லை. அனு வெறுங்காலோடு தத்தித் தத்தி வந்தது. பாட்டியை அடையாளம் தெரியவில்லை, சிரிக்கவும் இல்லை. நேராக ஃபேனிடம் போய் அந்த இரும்புக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது.

சமையலறை வாசலில் நின்ற தீபிகா குழந்தையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

அங்கம்மாளின் உடம்பு ஒரு கணம் முன்னால் சாய்ந்தது. பிறகு மெல்லப் பின்னால் போனது. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செலுத்தி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.

“டீ குடிக்கிறியாம்மா?” என்றாள் தீபிகா.

தலையை மட்டும் அசைத்தார். டீ வந்தது. முக்காலியின் மேல் ஆறி, அதன் மேல் ஆடை படர்ந்தது. குழந்தை ஃபேனின் காலை விட்டு நகரும் வரை அங்கம்மாள் கைகளை வெளியே எடுக்கவில்லை.