கதவுக்கு மேலே ஓர் ஊர்

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பொறியாளரின் வீட்டுக் கதவுக்கு மேலே, ஒரு சாண் அகலத்தில் பித்தளைத் தகடு ஒன்று மாட்டியிருந்தது. கேடய வடிவம். மேலே புடைத்தெழுந்த பாதிச் சக்கரம். அதன் கீழே இரண்டு அலைகள். அடியில் எதுவும் செதுக்காத ஒரு கறுப்புப் பட்டை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கத் தொடங்கிய ஆண்டுகள் அவை. மண்ணை வெட்டும் பெரிய இயந்திரத்தைப் பூட்டித் தர அவர் வந்திருந்தார். நான் நகரியப் பள்ளியில் ஆசிரியை. வாரத்தில் இரண்டு மாலைகள் அவருடைய மனைவிக்குத் தமிழ் சொல்லித்தரப் போவேன். அவருடைய தட்டுத்தடுமாறும் ஆங்கிலமும் என்னுடைய புத்தக ஆங்கிலமும்தான் எங்களுக்கு இடையில் பாலம்.

ஒருநாள் தகட்டைப் பற்றிக் கேட்டேன். அது தன் கணவர் பிறந்த ஊரின் சின்னம் என்றார். அங்கே ஆற்றங்கரையில், நீரின் வேகத்தில் சக்கரம் சுழன்று மாவரைக்கும் ஆலை ஒன்று இருந்ததாம். அதைச் சுற்றி வீடுகள் எழும்பி, சந்தை கூடி, ஊரானபோது, அந்தப் பகுதியின் பிரபு சக்கரத்தையும் ஆற்றையும் சின்னமாக வைத்துக்கொள்ள உரிமை கொடுத்தார். மறுபாதி எப்போதும் நீருக்குள் இருந்ததால் சின்னத்தில் சக்கரம் பாதியாகவே நின்றுவிட்டது. கறுப்புப் பட்டை பிற்காலத்துச் சேர்க்கை. எங்கள் மண்ணுக்கு அடியில் இருந்த நிலக்கரியே அங்கும் இருந்தது. அதற்காக ஆற்றைத் திருப்பினார்கள்; ஆலையை இடித்தார்கள்; ஊரையே சில மைல் தள்ளிக் கட்டினார்கள். கல்லறைகளை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். உறவினர் இருந்தவர்களின் எலும்புகளைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள் என்றார். மற்றவர்களைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பக்கத்துக் கிராமத்தில் என் தந்தையின் முந்திரிக் கொல்லை சுரங்கத்துக்காக எடுக்கப்படும் என்று அறிவிப்பு வந்திருந்தது. அதன் வடகிழக்கு மூலையில்தான் என் தாயைப் புதைத்திருந்தோம். கொல்லை போவதைத் தந்தை ஒருவாறு ஏற்றுக்கொண்டிருந்தார். ஒரு கட்டில் போடும் அளவுக்கு அந்த மூலையை மட்டும் விட்டுவிடவேண்டும் என்பதுதான் அவர் விருப்பம்.

பலாப்பழம் கொடுப்பதற்காக ஒருமுறை என்னோடு அந்த வீட்டுக்கு வந்தவர், தகட்டை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். சர்க்கார் காகிதங்களில் அவர் கண்ட முத்திரையிலும் ஒரு சக்கரம் இருந்தது. அடுத்த வாரம், அந்த மூலையை விட்டுவிடக் கோரும் மனுவோடு என்னிடம் வந்தார். கிராமக் கணக்கரிடம் இரவல் வாங்கிய மைப்பெட்டியைத் துண்டில் முடிந்து வைத்திருந்தார்.

"எம்மா, தொர வூட்டுக் கதவு மேல முத்திர இருக்குதே, அத ஒரு தாட்டி இதுல குத்தி வாங்கிக் குடும்மா. அந்த மிசினையே பூட்டுறவரு. அவரு சொன்னா அது ஒதுங்கிப் போவாதா?"

அது அதிகார முத்திரை அல்ல என்று சொன்னேன். அவர் எனக்கு முன்னால் அந்த வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

மனுவை நான் வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்ல, பொறியாளர் எழுந்து நின்று கேட்டார். இயந்திரத்தைப் பூட்டுவது மட்டுமே தன் வேலை, அது எங்கே வெட்டவேண்டும் என்று தன்னை யாரும் கேட்பதில்லை என்றார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் தந்தை மைப்பெட்டியைத் திறந்து நீட்டிவிட்டார். அந்த அம்மாள் பெட்டியையும் என் தந்தையின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறித் தகட்டைக் கழற்றினார். மனுவின் அடிப்பகுதியை அதன்மேல் பரப்பி, பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்தார். சக்கரமும் அலைகளும் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழுந்தன. என் தந்தையை வெறுங்கையோடு அனுப்ப அந்த அம்மாளுக்கு மனம் வரவில்லை. தடுத்திருக்க வேண்டியவள் நான்.

அந்த உருவத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று திரும்பும் வழியிலும், அதன்பின் இரண்டுமுறையும் தந்தையிடம் சொன்னேன். "சும்மாவா கதவு மேல மாட்டி வெப்பாங்க?" என்று சிரித்தார். அந்தச் சின்னம் தன் சொந்த ஊரையே காப்பாற்றவில்லை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார். அவர் முகத்தைப் பார்த்து அதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

இறந்தவர்களை எடுத்துப் போக விரும்புவோர் ஒரு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று கிராமத்தில் தண்டோரா போட்டார்கள். சிலர் புதுப்பானைகளில் எடுத்துப் போனார்கள். நாமும் எடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

"தூங்கிகினு இருக்கிறவள ஏம்மா எழுப்பணும்? நம்மகிட்டதான் முத்திர இருக்குதே."

அவர் கை வைக்காமல் அந்த மண்ணைத் தொட எனக்கு உரிமை இல்லை. நாட்களை எண்ணிக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்தேன். மாதம் முடிந்தது.

கம்பிவேலி போட்ட மறுவாரம் தந்தையோடு நானும் போனேன். காவலாளி நடுவயதுக்காரர், மரியாதையானவர். மனுவை வாங்கி முழுதும் படித்தார். அடியிலிருந்த பென்சில் உருவத்தைக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த ஆபீசு முத்திரைங்க?"

"எங்க பொண்ணுக்குத்தான் தெரியும். சொல்லும்மா," என்றார் தந்தை.

அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் எனக்குப் பொருள் தெரிந்திருந்தது. "ஆபீசு இல்லீங்க. ஒரு ஊரோட சின்னம்," என்றேன்.

காவலாளி காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இரண்டு கைகளாலும் தந்தையிடம் கொடுத்தார். உள்ளே விடத் தனக்கு உத்தரவு இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். வேலிக்கு அப்பால் முந்திரி மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். எது வடகிழக்கு மூலை என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தந்தைக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்துக்காகச் சாலையோரத்தில் நின்றோம். "அந்த ஊரு இன்னும் இருக்குதாம்மா?" என்று தந்தை கேட்டார்.

"இருக்குதுப்பா. கொஞ்சம் தள்ளி இருக்குது."

"அங்க பொதச்சிருந்தவங்கள என்னா பண்ணாங்களாம்?"

பேருந்து வரும்வரை நான் பதில் சொல்லவில்லை. வந்து, ஏறி, அருகருகே உட்கார்ந்த பிறகும் சொல்லவில்லை.